சுவைக்கு மாற்று உரைப்பது யார்?

பொன் ஒரு நெருப்பு. இதைச் சொன்னது கவிதை அல்ல, தருக்க நூல். பதினேழாம் நூற்றாண்டில் ஆந்திர தேசத்து அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகம், தேயு என்னும் நெருப்பை நான்காகப் பிரிக்கிறது: அடுப்பில் எரிவது, வானில் மின்னுவது, வயிற்றில் செரிக்கச் செய்வது, சுரங்கத்தில் பிறப்பது. நான்காவதுதான் பொன். அதற்கு ஒரு நியாயமும் காட்டுவார்கள். நெய்யை உருக்கிக் காய்ச்சிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எரிந்து தீர்ந்துவிடும். பொன்னை எவ்வளவு காய்ச்சினாலும் அதன் உருகிய நிலை அழிவதில்லை. ஆகவே அது மண் அல்ல. அப்படியானால் அதன் மஞ்சள் நிறமும் கனமும் எங்கிருந்து வந்தன? அவை கூட ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணுடையவை என்று தருக்கவாதிகள் முடித்துவிடுகிறார்கள்.

இந்த வாதத்தை ஊரிகத்தில் உட்கார்ந்து படித்தால் ஏட்டு வாதமாகத் தோன்றாது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளை ரயில் பாதையில் ஒரு சிறு நிறுத்தம் ஊரிகம். கோலார் தங்க வயலின் பழைய சுரங்கங்களில் ஒன்றுக்கும் அதுவே பெயர். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும் வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள் இங்கே மண்ணிலிருந்து அந்த நெருப்பைப் பிரித்தெடுத்தார்கள். சாம்பியன் ரீப்ஸில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் உடைத்த பாறை மேலே வந்தால், அதைப் பற்றிக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: இதில் எவ்வளவு இருக்கிறது?

விடை காணும் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பாறையைப் பொடித்து, ஈய ஆக்சைடும் வெண்காரமும் சேர்த்து உருக்குவார்கள். ஈயம் பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் தங்கும். எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் அந்த ஈயத்தைக் காய்ச்சினால், ஈயமெல்லாம் கிண்ணத்துக்குள் ஊறிப்போய் ஒரு சிறு மணி மட்டும் மிஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். எஞ்சியதை நிறுத்துப் பார்த்தால் டன்னுக்கு இத்தனை கிராம் என்று எண் வந்துவிடும். சோதித்தவருக்குப் பொன் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஆசாரியின் உரைகல் இதற்குச் சற்று வேறு. மாற்று தெரிந்த ஆணிகளை உரைத்த கோடுகளுக்குப் பக்கத்தில் புதுப் பொன்னையும் உரைத்து, நிறத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டும். பழகாத கண்ணுக்கு எல்லாக் கோடும் மஞ்சள்தான்.

அன்னம்பட்டர் அதே நூலில் மணத்தையும் சுவையையும் பற்றிச் சொல்வது இன்னும் விசித்திரமானது. மணம் மண்ணுக்கு மட்டுமே உரிய குணம். நீரின் சுவை இனிப்பு ஒன்றுதான். ஆறு சுவையும் உடையது மண். எனவே ஒரு நீர்மம் புளித்தாலோ துவர்த்தாலோ மணந்தாலோ அதில் மண் கலந்திருக்கிறது. பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயின்காரர்கள் இந்த வரியைக் கேட்டால் அன்னம்பட்டரைத் தங்கள் ஊர்க்காரர் என்றே எண்ணிக்கொள்வார்கள். கூழாங்கல் நிறைந்த இடக்கரையில் காபர்னே சாவின்யோன், களிமண் மிகுந்த வலக்கரையில் மெர்லோ என்று கொடியைப் பிரித்து நட்டவர்கள் அவர்கள். கோப்பையில் மண் பேசும் என்பது அவர்களுக்குச் சமயம்.

அந்தச் சமயம் கோலார் பக்கமும் வந்து சேர்ந்தது. ஊரிகத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் நந்தி மலை. அதன் அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் பக்கம் கன்வல் குரோவர் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை வளர்த்தார். 1990களில், போர்தோ வலக்கரையின் பொமரோலைச் சேர்ந்த மிஷேல் ரொலான் அங்கே ஆலோசகரானார். குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே இல்லாததால் கொடி உறங்குவதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, கோடையின் தொடக்கத்தில் ஒரு முறை அறுக்கிறார்கள். அங்கிருந்து பெயர்பெற்ற ‘லா ரிசர்வ்’ காபர்னே சாவின்யோனும் ஷிராஸும் கலந்தது. ஷிராஸ் போர்தோவின் திராட்சை அல்லவே என்று சட்டம் பேசுவோர் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்களே தங்கள் ஒயின் வெளிறிப்போன ஆண்டுகளில் ரோன் ஆற்றங்கரையின் எர்மிதாஜிலிருந்து அதே திராட்சையின் ஒயினைத் தருவித்துக் கலந்து விற்றார்கள். கலப்படமும் மரபும் இத்தனை நெருங்கிய உறவாக இருக்கும் தொழில் வேறு இருக்கிறதோ என்னவோ.

போர்தோ பாணிச் சிவப்பு என்பதே கலவைதான். காபர்னே சாவின்யோன், மெர்லோ, காபர்னே ஃபிரான் மூன்றும் முதன்மை; பெத்தி வெர்தோ, மால்பெக் கொஞ்சம் போல. ஒவ்வொன்றையும் தனித்தனியே புளிக்கவைத்து, சில மாதம் கழித்து மாதிரிகளை அளவுக் குழாயில் கலந்து கலந்து சுவைத்து விகிதத்தை முடிவு செய்வார்கள். பெத்தி வெர்தோ நூற்றுக்கு இரண்டு பங்கு கூடினால் நிறமும் துவர்ப்பும் மாறிவிடும். பிறகு 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் உறங்கவிடுவது வழக்கம்.

மதிப்பிடுபவர் கோப்பையை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பார்க்கிறார். ஊதா என்றால் இளசு. செங்கல் நிறம் ஏறியிருந்தால் வயதானது. சுழற்றி முகர்கிறார். காபர்னே சரியாகப் பழுக்காமல் அறுக்கப்பட்டிருந்தால் பச்சைக் குடைமிளகாய் மணம் மூக்கில் அடிக்கும். அதற்குக் காரணமான பைரசின் என்னும் பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு ஒரு வாய் எடுத்து, காற்றையும் கூட இழுத்து, நாக்கில் உருட்டித் துப்புகிறார். எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. ஈறுகள் இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. டானின்கள் எச்சிலின் புரதங்களோடு பிணைவதால் வருவது அது. ஐரோப்பியப் பாடநூல்கள் துவர்ப்பைச் சுவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, தொடு உணர்ச்சி என்று ஒதுக்கிவிடுகின்றன. நம் சித்த மருத்துவமோ அதை ஆறில் ஒன்றாக்கி, மண்ணும் காற்றும் சேர்ந்தது என்று பிறப்பும் சொல்கிறது. வாழைப்பூவும் நாவல் பழமும் தின்று வளர்ந்த வாய்க்குப் போர்தோ சிவப்பின் முதுகெலும்பைப் புரியவைக்கத் தனி வகுப்பு வேண்டியதில்லை.

சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. மதிப்பிடுபவர் துவர்ப்பு இவ்வளவு, புளிப்பு இவ்வளவு, பழம் இவ்வளவு என்று பட்டியல் போடுவதோடு நிற்பதில்லை. எல்லாம் சேர்ந்து இசைந்திருக்கிறதா, ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறதா என்றும் சொல்லியாக வேண்டும். அதாவது கலவையின் சுவையைப் பற்றி. கலவைக்கு என்று ஒரு சுவை உண்டா?

இல்லை என்றது நியாய மரபு. பல நிற நூல்களால் நெய்த துணிக்குப் பலநிறம் என்றே ஒரு தனி நிறம் உண்டென்று தருக்கவாதிகள் ஒப்புக்கொண்டார்கள். அன்னம்பட்டரின் நிறப் பட்டியலில் ஏழாவது அதுதான். சுவைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டு விசுவநாதர் தம் முக்தாவளியில் தரும் காரணம் கூர்மையானது. கண் நிறத்தின் வழியாகப் பொருளையே காண்கிறது. முழுமைக்கு நிறம் இல்லையென்றால் துணியே கண்ணுக்குத் தெரியாமல் போகும். நாக்குக்கோ பொருளைக் காணும் ஆற்றல் கிடையாது. சுவையை மட்டுமே அது பற்றும். எனவே பல சுவைப் பகுதிகள் சேர்ந்த ஒரு பொருள், முழுமையாகப் பார்க்கையில் சுவையற்றது என்று சொன்னாலும் குடி முழுகிப் போகாது. நாக்கில் படுவது பகுதிகளின் சுவைகளே. இந்தக் கணக்கில் மிஷேல் ரொலான் ஆயுள் முழுக்கச் செய்துவந்தது, சுவையே இல்லாத ஒன்றைச் சுவைத்துப் பார்ப்பது!

இதற்கு எதிர்க்கட்சி கவிதையியல்காரர்கள். காசுமீரத்து அபினவகுப்தரும் அவருக்குப் பின் வந்த மம்மடரும் ரசம் என்பதை விளக்கப் பானகத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். வெல்லமும் மிளகும் மற்றவையும் கலந்த பானகத்தில் எழும் சுவை வெல்லத்திலும் இல்லை, மிளகிலும் இல்லை. நாடகத்தில் பாத்திரமும் சூழலும் மெய்ப்பாடும் சேர்ந்து எழுப்புவதும் அப்படித்தான். ஆனால் அவர்கள் இதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: அந்தச் சுவை எழ, ஒத்த நெஞ்சுடைய, பழகிய சுவைஞர் எதிரே இருக்க வேண்டும். அவர் இல்லாத அரங்கில் ரசம் இல்லை. இங்கே தருக்கவாதியைவிடக் கவிதையியல்காரர் சொல்வதே பொருந்துகிறது என்று படுகிறது. இசைவு பகுதிகளின் பட்டியலில் இல்லை. பட்டியலை அறிந்த ஒருவருக்குத்தான் அது கேட்கும்.

ஆனால் பழகியவர் சொல்வது மெய் என்று எப்படி அறிவது? டேவிட் ஹியூம் 1757-இல் வெளியிட்ட கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலில் சாஞ்சோ பான்சா சொல்லும் குடும்பக் கதையை இதற்குப் பயன்படுத்தினார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் ஒரு பீப்பாய் ஒயினைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஒருவர் நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை என்றார். மற்றவரும் நல்லதுதான், லேசாக இரும்பு வாடை என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. நுண்ணிய நாக்குக்குச் சான்று பீப்பாயின் அடியில் இருக்கிறது என்பது ஹியூமின் ஆறுதல்.

இன்று பீப்பாயைக் கவிழ்க்க வேண்டியதில்லை. பீப்பாய் மரத்தில் குடியிருக்கும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட், தோலையும் குதிரை லாயத்தையும் நினைவூட்டும் எத்தில்பீனாலை உண்டாக்கும். ஆய்வகக் கருவி அதை லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளந்து தரும். சாவி கிடைத்துவிட்டது. வழக்கு தீர்ந்ததா? இல்லை. அந்த வாடை பழைய போர்தோக்களின் அழகு என்பார் ஒரு சாரார். சுத்தமற்ற கூடத்தின் குற்றம் என்பார் மறு சாரார். இருவர் கையிலும் ஒரே எண்தான். கதையில் உறவினர் இருவருமே ஒயின் நல்லது என்று முதலில் சொன்னதை ஹியூம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. தோலும் இரும்பும் இருந்ததைச் சாவி நிரூபித்தது. நல்லது என்பதை எதுவும் நிரூபிக்கவில்லை.

நாக்கை அவ்வளவு நம்பலாமா என்றும் கேட்க வேண்டும். 2001-இல் வெளிவந்த போர்தோ ஆய்வொன்றில், ஒயின் படிக்கும் மாணவர் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினும், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய அதே வெள்ளை ஒயினும் தரப்பட்டன. சிவப்பாய்த் தெரிந்ததற்கு அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய பழங்களின் பெயர்களையே எழுதினார்கள். பழுது மூக்கில் இல்லை. கண் பெயரை எடுத்துக் கொடுக்க, மூக்கு ஒப்பமிட்டது.

பௌத்த தருக்கத்துக்கு இது செய்தியே அல்ல. காஞ்சிப் பக்கம் பிறந்தவரென்று மரபு சொல்லும் திக்நாகர், காட்சி என்பது கற்பனை கலவாத உணர்வு மட்டுமே, மற்றதெல்லாம் மனம் பூட்டுவது என்றார். மணிமேகலையில் காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் தருக்கத்திலும் பெயர், இனம், குணம், தொழில் எல்லாம் நீங்கிய சுட்டுணர்வே காட்சி. ஒயின் குறிப்புகளில் வரும் கருந்திராட்சை, சிடார் மரம், புகையிலை, பென்சில் சீவல் அத்தனையும் இந்தக் கணக்கில் காட்சிக்கு வெளியே. அவை பொய் என்று இதற்குப் பொருளல்ல. அவை பலர் கூடி ஒரு வட்டத்தில் கற்றுக்கொண்ட மொழி.

மணிமேகலைக் காப்பியத்தைத் தங்கள் நூலாகவே படித்தவர்கள் ஊரிகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907-இல் தொடங்கிய தமிழன் இதழை, அவர் 1914-இல் மறைந்த பிறகு, ஜி. அப்பாதுரையார் 1920களில் தங்க வயலிலிருந்தே மறுபடி நடத்தினார். அந்த வீடுகளில் ஒயினைப் பற்றிய முதல் கேள்வி அதன் தரமாக இருந்திருக்க முடியாது. ஐந்தாம் சீலமாகத்தான் இருந்திருக்கும். மயக்கும் பானங்களைச் சீலம் விலக்குவது, அவை விழிப்பின்மைக்கு இடமாகும் என்பதால். துறவிகளுக்கு வினயம் என்னும் ஒழுக்க விதி புல் நுனியளவுகூட விட்டுக்கொடுப்பதில்லை. இல்லறத்தார் ஒருவர் சுவைத்துவிட்டுத் துப்பினால்?

சீலத்தின் காரணத்தைப் பார்த்தால் துப்புபவர் தப்பிக்கிறார். அவர் தேடுவதே விழிப்பு; மயங்கினால் அவர் பிழைப்பு போய்விடும். ஆனால் துப்பினாலும் வாய் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்கிறது. ஐம்பது கோப்பைக்குப் பிறகு எந்த நடுவரும் முதல் கோப்பையில் இருந்த நடுவர் அல்லர். சம்பளக் காசு நேரே சாராயக் கடைக்குப் போவதைப் பார்த்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண்ணிடம் இந்த நுணுக்கமெல்லாம் செல்லுபடியாகாது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: சீலம் ஒருவருடைய நாக்கைப் பற்றியது மட்டுமல்ல.

தங்க வயலின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒயின் வேறொரு வாசலால் வந்தது. பலிபீடத்துத் திராட்சை ரசம் இயற்கையானதாக, திராட்சையிலிருந்தே வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். சுவையாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மேலும், தாமஸ் அக்வினாஸ் விளக்கி, 1551-இல் திரெந்து சங்கம் உறுதிசெய்த கோட்பாட்டின்படி, எழுந்தேற்றத்துக்குப் பின் நிறமும் மணமும் சுவையும் அப்படியே இருக்க, உட்பொருள் மட்டும் முற்றிலும் மாறிவிடுகிறது. விசுவநாதர் சுவையில்லாத முழுமையைக் கற்பித்தார். அக்வினாஸ் தாங்கும் பொருள் இல்லாத சுவையைக் கற்பித்தார். பூசைக்கு நிற்கும் பாதிரியாருக்கு அன்றைய ரசம் துவர்ப்பாக இருந்தது என்பது முக்கியமே அல்ல.

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, இந்த ஞானிகளையெல்லாம்விட எளிய சாட்சி பெங்களூர் நீலத் திராட்சை. பெங்களூரைச் சுற்றிய மாவட்டங்களில் தலைமுறைகளாக விளைவது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதற்கென்று ஓங்கிய ஒரு மணம் உண்டு. அமெரிக்க லாப்ரஸ்கா இனத்தின் வழி வந்த மணம் அது. இப்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திராட்சை என்றாலே அந்த மணம்தான். போர்தோவில் அதே மணம் கோப்பையில் வந்தால் குற்றம். கோலார் பக்கத்து ஒருவர் நல்ல மெர்லோவை முகர்ந்து ‘இதில் திராட்சையே இல்லையே’ என்றால், அவர் மூக்கில் கோளாறில்லை. அவர் வேறொரு வட்டத்தில் கற்றவர். அவரும் கற்றுக்கொண்டால் மெர்லோவின் இசைவைக் கேட்பார். அதற்காக நீலத் திராட்சையின் மணத்தை இழிவென்று மறக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

இந்த வட்டங்களையெல்லாம் மறைத்துவிட்டு ஒயினுக்கும் பொன்னைப்போல் மாற்றுச் சொல்ல முயன்றதுதான் நூறு மதிப்பெண் முறை. அமெரிக்கர் ராபர்ட் பார்க்கர் 1970களின் இறுதியிலிருந்து அதைப் பரப்பினார். 89-க்கும் 90-க்கும் இடையில் கடைக்காரரின் லாபமே மாறியது. கலிபோர்னியா மாநிலப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றி, நடுவர்களுக்குத் தெரியாமல் வைத்துப் பார்த்தார். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தந்தவர்கள் பத்தில் ஒருவரே. நாக்கு ஏமாற்றுகிறது என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள். உண்மையில் அம்பலமானது எண்ணின் துல்லியம்தான். உரைகல் ஆசாரி பக்கத்தில் ஆணிக் கோடு இல்லாமல் மாற்றுச் சொல்லமாட்டார். எதனோடு ஒப்பிட்டேன் என்று சொல்லாத 91, ஆணியில்லாத உரைகல்.

பொன்னின் எண்கூட அது சொல்வதற்கு மேல் சொல்வதில்லை. 2001-இல் தங்க வயலை மூடியபோது பாறையில் பொன் இல்லாமல் போய்விடவில்லை. எடுக்கும் செலவுக்கு அது கட்டுபடியாகவில்லை. அன்றைய உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. பத்தே ஆண்டில் அது 1,800 டாலரைத் தாண்டியது. டன்னுக்கு இத்தனை கிராம் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. அது போதுமா என்பதை எலும்புச் சாம்பல் கிண்ணம் ஒருநாளும் சொன்னதில்லை. கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

ஒயின் உலகில் அப்படிக் கூடிப் பேசியதன் பேர்போன எடுத்துக்காட்டு 1976 மே 24. ஆங்கிலேய வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேருக்கு, பெயரை மறைத்து, போர்தோவின் தலைசிறந்த சிவப்புகளோடு கலிபோர்னியக் காபர்னேக்களையும் ஊற்றிக் கொடுத்தார். 1973-ஆம் ஆண்டு ஸ்டேக்ஸ் லீப் முதலிடம், 1970-ஆம் ஆண்டு முத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாமிடம். கலிபோர்னிய ஒயின் இளமையில் மயக்கும், வயதானால் நிற்காது என்று போர்தோ தரப்பு சமாதானம் சொன்னது. சரி, வயதாகட்டும் என்று 2006 மே 24 அன்று லண்டனிலும் கலிபோர்னியாவிலும் ஒரே நாளில் அதே சிவப்புகளை மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின, முத்தோன் ஆறாவது. முதலில் வந்தது ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. பாரிசில் அது ஐந்தாவது. பாரிசின் ஒன்பது பேரும் தவறினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் வாயில் பட்டது ஐந்து வயது ஒயின். 2006-இல் சுவைத்தவர்கள் வாயில் பட்டது முப்பத்தைந்து வயது ஒயின். இரண்டு பட்டியலும் எதை எதனோடு வைத்து, யார், எந்த ஆண்டில் சுவைத்தார்கள் என்ற விவரத்தோடு இன்றும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின்றன.